மேல்வீட்டு அக்காவின் அலறல்

மேல்வீட்டு அக்கா முந்நூறு தடவைக்கு மேல் செத்தவர். மேடையில்தான். அது ஒரு கொலை நாடகம். மூடிய கதவுக்குப் பின்னால் அவர் கழுத்தை நெரிப்பார்கள். கூட்டத்துக்கு அலறல் மட்டும்தான் கேட்கும். முதல் காட்சியிலேயே கதை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவார். கீழே தையல் கடை போட்டிருந்த எனக்கு அந்த நிதானம் பெரிய ஆச்சரியம்.

பிறகு அந்த நாடகத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார்கள். அக்காவின் வேஷத்தைப் பெயர்பெற்ற நடிகை ஒருவர் தட்டிக்கொண்டு போனார். ஆனால் அந்த அம்மாவுக்கு அலற வரவில்லை, எலியைப் பார்த்துக் கத்தியது போல இருந்ததாம். குரலை மட்டும் கேட்டு அக்காவிடமே வந்து நின்றார் டைரக்டர். ஒரே ஒரு நிபந்தனை: மேடையில் போல இழுத்து அடங்கக் கூடாது, உச்சத்தில் பட்டென்று அறுந்துவிட வேண்டும். அதைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

பழகிய முதல் நாள், நான் கத்தரிக்கோலும் கையுமாக மாடிக்கு ஓடினேன். அக்கா சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். காலைப் பள்ளிக்கூடம், மதியமே வந்துவிடுவார். என் கையைப் பார்த்துவிட்டு, "கொலைகாரன் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று சாயங்காலம் அவரே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னார்: "தினம் நாலு மணிக்கு என் பொண்டாட்டி சாவா. யாரும் பதறிடாதீங்க."

பத்தே நாளில் நான் பெரிய ரசிகனாகிவிட்டேன். இன்றைக்கு இழுத்துவிட்டது, இன்றைக்கு அவசரப்பட்டு அறுந்தது என்று படியில் பார்க்கும்போதெல்லாம் தீர்ப்பு சொல்வேன். என்னவோ எனக்கு எல்லாம் தெரிந்தது மாதிரி.

அன்றைக்கு மற்ற வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேலே அலறல் கேட்டது. மணி மூணே முக்கால். கால் மணி முன்னாடியே செத்துட்டாங்களே என்று சிரிப்பு வந்தது. ஒழுங்காகக் கேட்போம் என்று மெஷினை நிறுத்தினேன். உச்சத்தில் பட்டென்று அறுந்தது. ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. "பிரமாதம்!" என்று வாய்விட்டே சொன்னேன். ஆறிக்கொண்டிருந்த டீயை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தேன்.

சற்றைக்கெல்லாம் அக்கா செருப்பில்லாமல் இறங்கி வந்தார். "தம்பி, அவர் பேச மாட்டேங்கறார்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். தூக்கிக்கொண்டு ஓடினோம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, "மெஷின் சத்தத்துல எதுவும் கேக்கலைக்கா" என்று கூசாமல் புளுகினேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்குப் போய், ஒரே தடவையில் குரல் கொடுத்துவிட்டு வந்தார். படம் சக்கைப்போடு போட்டது. நான் பார்க்கப் போகவில்லை. எனக்கெதற்குத் தியேட்டர்? தினம் மூணே முக்காலுக்கு அது மேலேயிருந்து வந்துவிடும். அக்கா வெளியே போயிருப்பார், வீடு பூட்டியிருக்கும், அப்போதும் கேட்கும். மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன். இருபது வருஷம் இப்படித்தான் செத்துப் பிழைத்தேன். அந்தப் பொய் மட்டும் வெளுத்துவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் என் பயமெல்லாம்.

போன மாதம் பழைய சட்டை ஒன்றில் தையல் பிரிந்துவிட்டது என்று அக்கா கடைக்கு வந்தார். டிவியில் மதியப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை. மூடிய கதவு ஒன்றைக் காட்டியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அணைக்க ஓடினேன்.

"இருக்கட்டும் தம்பி."

அலறல் எழுந்து, உச்சத்தில் அறுந்தது. அக்கா பிரிந்த தையலைத் தடவிக்கொண்டே பேசினார்.

"அதுவரைக்கும் எனக்கு அது சரியாவே வரலை. அன்னிக்குத்தான் வந்துச்சு. அவர் தலை என் மடியில. யாராவது வாங்கன்னு கூப்பிட வார்த்தை வரலை, பழகின சத்தம்தான் வந்துச்சு. கத்திக்கிட்டே இருக்கேன், கீழே உன் மெஷின் நின்னுச்சு. தம்பி காதுல விழுந்துடுச்சு, வந்துடுவான்னு கத்தறதை நிறுத்திட்டேன். படியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் மெஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சுது."