‘இந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை’

கேள்வி கேட்க எழுந்த ஒரு பெண்ணைப் பொய் சொல்லி உட்காரச் சொன்னேன். சுதந்திர தினத்தன்று, ஊர் கூடியிருந்த இடத்தில், மைக்கில் சொன்னேன். அந்தப் பொய்க்காக யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. பாராட்டினார்கள்.

அப்போது நான் செங்கல்பட்டில் ஊரக வளர்ச்சித் துறை அதிகாரி. ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. கிராம சபை நடக்கும் நாளில் அரசு சார்பில் போய் உட்காருபவரைப் பற்றாளர் என்பார்கள். அந்த ஆண்டு எனக்கு விழுந்தது கடப்பாக்கத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே உள்ள ஓர் ஊராட்சி. ஊராட்சி அலுவலகமும் பள்ளிக்கூடமும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, நெல் விளைகிற பக்கம். அதன் கீழ் வரும் இரண்டு மீனவக் குப்பங்கள் கடலோரம். ஓட்டு வயல் பக்கம்தான் அதிகம் என்பதால் தலைவரும் எப்போதும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

குப்பத்துக்கென்று தனியாக ஊர்க்கூட்டம் உண்டு. அதில் ஆண்கள் மட்டுமே உட்காருவார்கள். குப்பத்துப் பெண் ஒருத்தி பொதுவில் ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால், அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு எங்கள் கிராம சபைக்குத்தான் வரவேண்டும். இது எனக்குத் தெரியும்.

தெற்குக் குப்பத்தில் கடலுக்குள் கல் கொட்டி அலையைத் தடுக்கும் வேலை சென்னையில் முடிவாகியிருந்தது. அடுத்த வாரம் சட்டமன்ற உறுப்பினர் அடிக்கல் நாட்ட வருவதாக ஏற்பாடு. அதற்கு நன்றி சொல்லிச் சபையில் ஒரு தீர்மானம் வாங்கிவிடும்படி எனக்கு மேலிடத்து உத்தரவு.

தீர்மானத்தைப் படித்தபோது வடக்குக் குப்பத்து மீன்காரப் பெண் ஒருவர் எழுந்தார். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

“சார், அங்க கல்லு போட்டா எங்க கரை இன்னா ஆவும்? மண்ணு தெக்கால இருந்துதான வருது?”

“இன்னாக்கா, கடலுக்கே பட்டா வாங்கிட்டியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, பெஞ்சுகள் சிரித்தன.

“உனுக்கு இன்னா, உன் வூடு ரோட்டாண்ட கீது. என் வூடு கடலாண்ட கீது” என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் கேட்டத எழுதுங்க சார். எழுதிட்டா எம்.எல்.ஏ. பதில் சொல்லித்தான ஆவணும்?”

அவர் சொன்னது சரி. முந்தின நாள்தான் அந்த வேலையின் பொறியாளர் என்னோடு டீ குடித்தபடி, “வடக்குப் பக்கம் அரிக்கும் சார், அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்” என்று சொல்லியிருந்தார். தன் எல்லைக்குள் நடக்கும் எந்த வேலையைப் பற்றியும் கிராம சபை கேட்கலாம், தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானம் கல்லைத் தடுத்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

நான் மைக்கை வாங்கினேன். “இது மேல எடுத்த முடிவும்மா. இந்தச் சபைக்கு அதுல அதிகாரம் இல்ல. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “அப்ப எங்கள இன்னாத்துக்குக் கூப்டீங்க?” என்று கேட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றித் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. தலைவர் எனக்கு இளநீர் வெட்டித் தந்து, “நல்லா சமாளிச்சீங்க சார்” என்றார்.

கல் வந்தது. தெற்குக் குப்பத்தில் மணல் சேர்ந்து படகு ஏற்ற இடம் அகலமானது. வடக்கில் கரை கரைந்தது. முதலில் வலை பின்னும் கூடம் போனது. அடுத்த மழைக்காலத்தில் கடலைப் பார்த்த முதல் வரிசை வீடுகள் போயின. படகுகளைத் தெருவுக்குள் இழுத்து வைத்தார்கள். இதெல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் தெரியும், போய்ப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றேன்.

ஒருநாள் உறவினர் வீட்டுக்குக் கல்பாக்கம் போனபோது, குடியிருப்பு வாசலில் அன்று சபையில் எழுந்து கேட்ட அந்தப் பெண் மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் அடையாளம் காணும் முன் அவர் கண்டுகொண்டார்.

“நீதான அதிகாரம் இல்லன்னு சொன்ன சாரு?”

தலையாட்டினேன். அவர் சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே பேசினார். “ஓட்டு கேக்க வந்தான் அந்த எம்.எல்.ஏ. மடக்கினேன். ‘கிராம சபையில ஒருத்தரும் வேணாம்னு சொல்லலியேம்மா, நன்றின்னுதான எழுதிக் குடுத்தீங்க’ன்றான். நான் இன்னாத்தச் சொல்றது? இப்ப என் வூடுதான் மொத வரிசை.”

ஒரு பெண்ணைத்தான் ஏமாற்றினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பொய் ஒருவரைத் தப்பவும் விட்டிருக்கிறது. கீழே இருந்த நான் மேலே கைகாட்டினேன். மேலே இருந்தவர் கீழே கைகாட்டிவிட்டார்.

மே தினக் கிராம சபைக்குப் போனேன். எனக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை; புதிய தலைவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுந்தேன். “அன்னைக்கு நான் சொன்னது பொய். உங்களுக்கு அதிகாரம் இருந்தது. இந்த அம்மா கேட்டாங்க, நான் எழுத விடல” என்றேன்.

“ரிட்டையர் ஆனாத்தான் வாயி தொறக்கும்போல” என்றார் ஒருவர்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஊராட்சிச் செயலரிடம், “அவுரு அழுவறத அப்பால பாத்துக்கலாம், நீ எழுதுப்பா” என்றார். கல்லால் கரை போனதென்றும், சட்டமன்ற உறுப்பினர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமென்றும் தீர்மானம் ஆனது. திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்தில் அவரோடு நானும் வரிசையில் நின்றேன். என் கீழ் வேலை பார்த்த ஒருவர் எனக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்தார். “குந்து சார், எங்களுக்கு நின்னு பழக்கம்” என்றார் அந்த அம்மா.

அதே சட்டமன்ற உறுப்பினர் வடக்குக் குப்பத்துக்கு வந்தார். தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “உங்களுக்கும் கல்லு போட மேல பேசிட்டேன்” என்றார். குப்பமே கைதட்டியது. அந்த அம்மாவும் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்: இங்கே கல் விழுந்தால் இதற்கும் வடக்கே உள்ள குப்பத்தில் கரை போகும். அது வேறு ஊராட்சி. அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர் முதல் வரிசையில் நின்ற தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “என் வூட்டக் காப்பாத்திக்கினேன் சார். வேணாம்னு சொல்ல எனுக்குத் தெம்பு இல்ல. அவுங்க சபையில எவளாவது எய்ந்திருப்பா. அப்ப நீ போயி உக்கார வைக்காத, அது போதும்.”

மறுநாள் அந்த அடுத்த ஊராட்சிக் குப்பத்துக்குப் போனேன். டீக்கடையில் இருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

“நீ எந்தக் கட்சி பெருசு?”

“எந்தக் கட்சியும் இல்ல.”

“கெவர்மெண்டா?”

“முன்னால. இப்ப இல்ல.”

“அப்ப நீ இன்னாத்துக்கு இங்க வந்து பேஜாரு பண்ற?” என்று ஒருவர் எழுந்து போனார். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். அங்கே கரை இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது.

அவர்களுடைய அடுத்த கிராம சபை அக்டோபரில். எங்கே நடக்கும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். தெற்கே, அந்த அம்மாவின் குப்பத்துக்குக் கல் லாரிகள் வரத் தொடங்கிவிட்டன.