பெட்டியில்லாமல் வந்த கார்ட்

போர்க்கால வவுனியாவில் கம்பியூட்டர் திருத்தும் ஜவ்பருக்கு, இரண்டு போர்டுகளை ஒன்றாகப் பூட்டிய அந்தப் புதுக் கிராபிக்ஸ் கார்டின் மேல் மாதக்கணக்காகக் கண். கலியாண வீடியோ எடுக்கும் பரமேஸ்வரன்தான் நம்பவேயில்லை.

"ஏறி இறங்கிற இஞ்சத்தைக் கரண்டுக்கு அது நிக்காது, ஜவ்பர். போட்ட உடனே புகைஞ்சு போயிடும்."

"ஓடின பிறகு நீங்கதான் முதல் ஆளா வருவீங்க."

சோதனைச்சாவடியில் பளபளக்கும் பெட்டியைக் கண்டால் கேள்விமேல் கேள்வி வரும். அதனால் ஊரார் எல்லோரும் செய்வதுபோல, ஜவ்பரும் கொழும்பில் கார்டை வாங்கி, பெட்டியை அங்கேயே எறிந்துவிட்டு, கார்டைப் பழைய சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சாவடியில் யாரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை தேடுதலென்று கடைக்குள் இராணுவம் புகுந்தது. சாரத்தை விரித்த சிப்பாய் சட்டென்று பின்வாங்கினான். இரண்டு கறுத்த தகடுகள், இடையில் வயர்; பார்க்கக் குண்டு போலவே இருந்தது. துவக்கு ஜவ்பரின் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது.

"என்ன இது?"

"கம்பியூட்டர் சாமான், சேர். படம் காட்டும்."

"பெட்டி எங்க?"

"கொழும்பிலயே எறிஞ்சிட்டன், சேர்."

"அப்ப பூட்டு. படம் காட்டு."

கார்டைக் கம்பியூட்டருக்குள் பூட்டி, சுவிட்சில் விரலை வைத்தார். புகைந்தால் இவன் என்ன நினைப்பான்? கார்டைப் பார்க்க வந்து, வாசலில் கைகளை உயர்த்தியபடி நின்ற பரமேஸ்வரனைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அது ஓடவேண்டும் என்று அவரும் வேண்டிக்கொண்டிருந்தார்.