பதினான்கு பூச்சாடிகளும் ஒரு பழைய படமும்

றிஸ்கான் மாவடிப்பள்ளியில் வயல்காரர் வீட்டில் பிறந்தவன். கல்யாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு, மனைவி வீட்டோடு வந்து ஐந்து வருடமாகிறது. கடைத்தெருவில் பிரிஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறான். எந்தப் பிரிஜ்ஜைக் கொண்டுவந்து வைத்தாலும் பெயரும் வயதும் சொல்லிவிடுவான். மனைவி நிப்லாவின் பூச்சாடிகளில் இருப்பவை என்னவென்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

முன்கூடத்து யன்னலோரம் பதினான்கு சாடிகள். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தவறிப்போன பிறகு அவள் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தவை. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் பிள்ளை தங்கியது. கர்ப்பத்தின் முப்பத்தோராவது கிழமையில் பிரஷர் ஏறவே, வார்டிலேயே இருக்க வேண்டும் என்று டொக்டர் மறித்துவிட்டார்.

"மச்சான், பூக்கண்டுகள நீங்கதான் பாக்கணும். உம்மா தொடமாட்டா. நுளம்பு வந்து கடிக்குதெண்டு அவக்கு எப்பவும் ஏச்சு" என்றாள் நிப்லா.

"நான் வயல்ல பொறந்தவன் புள்ள. தண்ணி ஊத்தத் தெரியாதா எனக்கு?"

பிழை நடந்தது அங்கேதான். தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து, சாடிக்கு ஒரு ஜக் வீதம், தண்ணீர் மேலே தேங்கி நிற்கும்வரை ஊற்றினான். அவன் அறிந்த பயிர் தண்ணீரில் நின்றுதான் வளரும்.

ஒன்பதாம் நாள், வாள்போல நிமிர்ந்து நின்ற மஞ்சள் கரைக் கன்று சரிந்திருந்தது. நிமிர்த்தப் பிடித்தான். இலை கையோடு வந்தது. அதன் அடி, அழுகிய வாழைப்பழம்போல் நாறியது. பக்கத்தில் இன்னும் இரண்டு தலையைத் தொங்கப்போட்டிருந்தன. தாகமாக்கும் என்று அவற்றுக்கு மேலும் ஒரு ஜக் ஊற்றினான். பிறகு போனில் ஒரு செயலியை இறக்கிப் படம் பிடித்துப் பார்த்தான். முன்னாலிருந்து எடுத்தால் ஒரு பெயர் வந்தது. பக்கத்திலிருந்து எடுத்தால் வேறு பெயர். இலை வாடினால் தண்ணீர் போதாது என்றது ஓரிடம், தண்ணீர் கூடிவிட்டது என்றது இன்னோரிடம்.

அன்று பின்னேரம் அவன் வார்டுக்குள் போனபோது தாதி நிப்லாவின் கையிலிருந்து பிரஷர் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நூற்று ஐம்பதுக்கு மேலே.

"பாம்புக்கண்டு எப்புடி இரிக்கி?" என்றாள் நிப்லா.

அந்த வாள் இலைக்காரிதான் பாம்புக்கண்டு என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "நல்லா இரிக்கி" என்றான்.

"படம் ஒண்டு அனுப்புங்க. பாக்க ஆசையா இரிக்கி."

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போனைத் துழாவினான். புதுப் போன் வாங்கிய அன்று கெமராவைச் சோதிக்க யன்னலோரத்தை எடுத்த படம் ஒன்று கிடந்தது. அதை அனுப்பினான். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளம் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களிலும் அவள் கேட்டாள், அவன் "நல்லா இரிக்கி" என்றான். பிரஷர் இறங்கவில்லை. டொக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார். "மனசுல என்னத்தையோ வெச்சி யோசிச்சிட்டே இரிக்கிறா. அவவக் கவலப்படுத்துற கத ஒண்டும் கதைக்காதீங்க."

பொய்க்கு அனுமதி கிடைத்த மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை. மாமி ஸைனம்பு எதிரே நின்று, "நாறுதே மருமகன், தூக்கி வெளிய போட்டா என்ன?" என்றபோது அவன் எழுந்துவிட்டான். அழுகிய சாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு காரைதீவு வீதியில் இருந்த பூக்கன்றுக் கடைக்குப் போனான்.

கடைக்காரி விதுசாவுக்கு அவன் வயதுதான் இருக்கும். சாடியைக் கவிழ்த்து, வேரைப் பார்த்து முகம் சுளித்தாள். "எத்தின நாளைக்கு ஒருக்கா அண்ணன் தண்ணி விட்ட நீங்க?"

"ஒவ்வொரு நாளும். ஒரு ஜக்."

"இது மாசத்துக்கு ரெண்டு தரம் குடிச்சாப் போதும். மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. ஈரமெண்டா தொடாதீங்க. எல்லாத்துக்கும் ஒரே அளவு ஊத்தப்படாது."

மற்றவற்றின் படங்களையும் காட்டினான். நாலைந்துக்குப் பெயர் சொன்னாள். மினுங்கும் தடித்த இலை ஒன்றைப் பார்த்துத் தலையசைத்தாள். "பேர் எனக்கும் தெரியா. தண்டு குண்டா இருக்குதே, அதுக்குள்ள தண்ணி வெச்சிருக்கும். அப்பிடியானதக் காய விடுங்க. இல மெல்லிசா இருக்கிறதுதான் கெதியாத் தாகப்படும்."

வீட்டுக்கு வந்து முன்கூடத்தில் பழைய பேப்பர் விரித்துச் சாடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். மூன்று முழுதாகப் போய்விட்டன. இரண்டில் பாதி வேர் மிச்சம். அழுகலை வெட்டி எறிந்தான். பாம்புக்கண்டின் நல்ல இலைத் துண்டுகளை இரண்டு நாள் காயவைத்து மணல் கலந்த மண்ணில் ஊன்றினான். பெயர் தெரியாதவற்றுக்குத் தானே பெயர் வைத்து ஒட்டினான்: குண்டன், தாகக்காரி, வெள்ளைக்கோடு. தினமும் போய் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். ஊன்றிய துண்டுகளில் அசைவே இல்லை.

பதினாறாம் நாள் பின்னேரம் நிப்லா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் அவள் மடியில் கிடந்தது.

"இந்தப் படத்துல சுவத்துக் கலண்டர் போன மாசத்தக் காட்டுது மச்சான்."

அவன் குனிந்து படத்தைப் பார்த்தான்.

"நீங்க அனுப்பின அண்டைக்கே கண்டுட்டன். மெய்ய நீங்களாச் செல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன்." குரல் உயரவில்லை. "மொதல் புள்ளைக்கும் இப்புடித்தான். புள்ள நல்லா இரிக்கி, நல்லா இரிக்கி எண்டு எல்லாரும் சென்னீங்க. அது தவறினது ரெண்டு நாளைக்குப் பொறகுதான் எனக்குத் தெரியும். இப்பவும் புள்ளட இதயம் நல்லா அடிக்குதெண்டு செல்றாங்க. அதெண்டாலும் மெய்யா?"

ஒரு கிழமையாக அவள் பிரஷரை ஏற்றிக்கொண்டிருந்தது எது என்று றிஸ்கானுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாம்புக்கண்டு அழுகிட்டு. நாந்தான் தண்ணிய ஊத்தி அழுக வெச்சன். இன்னும் ரெண்டு செத்திட்டு. ரெண்டு தப்புமோ தெரியா. மத்த ஒம்பதும் இரிக்கி." பிறகு எழுந்துபோய்த் தாதியை அழைத்து வந்தான். "மிஸ், புள்ளட சத்தத்த இவ கேக்கணும். நாங்க சென்னா இவ நம்பமாட்டா. நம்பாததுல பிழையும் இல்ல."

தாதி சிறு கருவியை நிப்லாவின் வயிற்றில் வைத்தாள். முதலில் இரைச்சல் மட்டும். கருவியை நகர்த்தினாள். மீண்டும் இரைச்சல். நிப்லா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் தோலில் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியதும், குதிரை ஓடுவதுபோல் கடகடவென்று அடித்தது.

நிப்லா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். தாதியும் அவசரப்படவில்லை.

அதன்பின் அவன் எதையும் ஒளிக்கவில்லை. வெள்ளைக்கோடும் கடைசியில் பட்டுப்போயிற்று. அதை அன்றே சொன்னான். அவள் கொஞ்சம் அழுதாள், தாகக்காரி யாரென்று கேட்டுச் சிரிக்கவும் செய்தாள். பிரஷர் நாலு நாள் இறங்கி நின்றது. முப்பத்து நாலாம் கிழமையில் திரும்பவும் ஏறி, அன்றே அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள்.

நிப்லாவுக்கு நினைவு தெளிந்தபோது பிள்ளை பக்கத்தில் இல்லை. அவள் கேட்குமுன்பே றிஸ்கான் குனிந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.

"பொம்புளப் புள்ள. ஒண்டே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிரிக்காங்க. மூக்குல சின்னக் குழாய் ஒண்டு போட்டிரிக்கி. மூச்சு தானா எடுக்குது, ஆனா களைக்குது. ரெண்டு மூண்டு நாள் போனாத்தான் தெளிவாச் செல்லலாமெண்டு டொக்டர் சென்னார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேற ஒண்டும் ஒளிக்கல்ல."

"கையக் கால ஆட்டுறாளா?"

"இடது கால மட்டும் உதைக்கிறா. வலது கால் துணிக்குள்ள. நான் பாக்கல்ல."

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் நிப்லா. அவன் எழுந்து போனான்.

பத்தொன்பது நாள் கழித்துத் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள்.