உறவுமுறை என்ற கட்டம்

எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். நிலநடுக்கம் வந்தால் இடிபாட்டுக்குள் யார் யாரைத் தேட வேண்டும் என்று வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு தாள் வீடு வீடாகச் சுற்றிவரும். வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, உறவுமுறை. நிரப்பி, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். தெருவுக்குப் பொறுப்பாளர் நான் என்பதால் கடைசியில் என்னிடம் வந்து சேரும். அதனால்தான் நிமுராவின் பொய் பதினாறு வருஷமாக என் அலமாரியில் இருக்கிறது.

நிமுரா விதை மண்டியில் குமாஸ்தா. ஆகஸ்ட் புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனிதர். அவரோடு இருந்தவர் இசாவோ, ஸ்டேஷன் பக்கம் சோபா நூடுல்ஸ் கடையில் மாவு பிசைகிறவர். தாளில் இசாவோவின் பெயருக்கு நேரே நிமுரா எழுதுவது 'குடியிருப்பவர்'. கொடியில் இருவர் துணியும் சேர்ந்தே காயும். தெருவில் நடந்தால் மட்டும் நடுவே நாலு அடி இடைவெளி. யாரை ஏமாற்றுகிறார் இந்த மனிதர் என்று எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் வாயைத் திறந்ததில்லை. அடுத்த வீட்டு விஷயம் தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதற்குத்தான் எங்கள் மட்சுமோட்டோ ஊரில் மரியாதை என்று பெயர்.

போன வருஷம் ஏப்ரலில் டிவியில் ஒரு தொடர் தொடங்கியது. இரண்டு ஆண்கள், ஒரே அலுவலகம், காதல். என் வீட்டு டிவி பெரியது என்பதால் இசாவோ ஞாயிறு காலையில் பதிவைப் பார்க்க வருவார். நிமுரா ஆரஞ்சு கொடுக்க வந்தவர்போல வந்து, கதவோரம் பேப்பரை விரித்து உட்காருவார். பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திரும்பாது.

தொடரின் நாயகன் முதல் வாரத்தில் தன் ஆளைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் வாரம் இருவரும் ஒரே குடையில் வந்தார்கள். ஏழாம் வாரம் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"பாத்தீங்களாக்கா, பையன் தேறிட்டான்," என்றார் இசாவோ. "இவனுக்கு ஏழு வாரம் போதுமா இருக்கு. சில பேருக்குப் பதினஞ்சு வருஷம் பத்தல. என்ன ஹவுஸ் ஓனர் சார்?"

"அவனுக்கென்ன, எழுதிக் குடுத்ததப் பேசறான்," என்றது பேப்பர்.

"நானும் எழுதித் தரேன். ஒரே ஒரு வரி. அக்காகிட்ட மட்டும் சொல்லு, போதும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் டிவியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் டீ போடுவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

நிமுராவிடமும் ஏதோ அசைந்திருக்க வேண்டும். அந்த வாரம் கடைவீதியில் இருவரும் ஒரே குடையில் வருவதைப் பார்த்தேன். அந்த மாதக் கடைசியில் வந்த தாளில் 'குடியிருப்பவர்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'நண்பர்' என்று எழுதியிருந்தார்.

"பிரமோஷன் கெடச்சிருக்குக்கா," என்றார் தாளைக் கொண்டுவந்த இசாவோ. "தொடர் முடியறதுக்குள்ள இன்னும் ஒரு படி ஏறிடுவேன்."

கடைசி வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, மாவு பிசையும்போதே இசாவோ விழுந்தார். நெஞ்சுவலி. நிமுராவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

நிமுரா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நண்பர்," என்றார்.

"சொந்தக்காரங்க யாராச்சும் வரட்டும் சார். அதுவரைக்கும் வெளியில உக்காருங்க."

இசாவோவின் அக்கா நீகாதாவிலிருந்து ரயிலில் வர நாலு மணி நேரம். மூன்றாவது மணி நேரத்திலேயே இசாவோ போய்விட்டார். உள்ளே அவருக்கென்று யாரும் இல்லை. இருந்த ஒருவர் கதவுக்கு இந்தப் பக்கம், மடியில் ஈரக்குடையோடு உட்கார்ந்திருந்தார்.

தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும் குச்சிகளைச் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். நண்பர்களுக்குக் காத்திருப்பு அறையில் டீ.

கடைசிப் பகுதியைப் பார்க்க நிமுரா தனியாக வந்தார். ஆரஞ்சும் இல்லை, பேப்பரும் இல்லை. இசாவோ உட்காரும் மெத்தையில் உட்கார்ந்தார். நாயகன் தன் ஆளின் கையைப் பிடித்து அழைத்துப்போய் அம்மாவின் முன்னால் நிறுத்தினான். நிமுரா டிவியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இசாவோ எனக்கு நண்பர் இல்ல. நாங்க ரெண்டு பேரும்..."

அவர் பாரத்தைக் குறைப்பதாக நினைத்து முந்திக்கொண்டேன். "தெரியும் சார். நீங்க குடிவந்த வருஷமே தெரியும். தெருவுக்கே தெரியும். யாரும் தப்பா நெனைக்கல."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில நின்னப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வணங்கிவிட்டு எழுந்து போனார். தொடரின் கடைசி இருபது நிமிஷம் பார்க்கப்படாமல் மீந்துவிட்டது. பல நாள் வெட்கத்தில் அவர் வாசல் பக்கம் நான் போகவில்லை.

இந்த மே மாதத் தாள் வந்தது. நிமுராவின் பெயருக்குக் கீழே, அவருடைய கோணாத எழுத்தில், இசாவோவின் பெயர். வயது, போன வருஷத்து வயதே. உறவுமுறை, 'வாழ்க்கைத் துணை'. முத்திரையை அழுத்திக் குத்தியிருந்தார், சிவப்பு பின்பக்கம்வரை ஊறியிருந்தது.

பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் உண்மை இருந்தது. ஆனால் அது இடிபாட்டுக்குள் தேட வேண்டியவர்களின் பட்டியல். இல்லாத ஒருவருக்காகத் தீயணைப்பு ஆட்கள் தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. பொறுப்பாளர் நான்தான். ஸ்கேலை வைத்து அந்த வரியை அடித்தேன்.