அந்தப் பெயர் இருந்த கட்டுரை

என் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பதினேழு வருடமாக அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸைத் தேய்த்து பிரேமில் உட்காரவைக்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஒரு கையில் கரண்டி, மறு கையில் நாவல். நான் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். தலையணைப் பருமனில் புத்தகத்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் அவள் எழுதிய எல்லாவற்றுக்கும் முதல் வாசகன் நான்தான். வாசகன் என்பதுகூட அதிகம். அவள் படித்துக் காட்டுவாள், நான் உம் கொட்டுவேன்.

எழுதியது ஒரு வலைப்பூவில். பெயர் 'கிட்டப்பார்வை'. கதைச் சுருக்கம், எழுத்தாளருக்குப் பாராட்டு எல்லாம் அதில் இருக்காது. ஒரு புத்தகம் தன்னை எங்கே தொட்டது, தன் வாழ்க்கையில் எதைக் கிளறிவிட்டது என்று மட்டும் எழுதுவாள். பழைய ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். ஞாயிறு காலை போனில் அடித்து ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

"ஒரு பிரதி வச்சுக்கயேன்" என்பேன்.

"பிளாக்ல இருக்கே, எங்க போயிடப் போகுது?" என்பாள்.

என் குறட்டையைக்கூட ஒரு கட்டுரையில் இழுத்துவிட்டிருக்கிறாள். மொத்தமே முப்பது வாசகர்கள் என்பதால் என் மானம் பெரிதாகக் கப்பலேறவில்லை.

போன வருடம் ஒரு நாவல் படித்தாள். அதில், வீட்டு ஆட்களைக் கணக்கெடுக்க வந்தவரிடம் ஒரு பெண் தனக்கு இரண்டு பிள்ளைகள் என்கிறாள். கணவன் குறுக்கே புகுந்து ஒன்றுதான் என்று திருத்துகிறான். இன்னொன்று பிறக்கும்போதே இறந்துபோனது. அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள் என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் அவள் தங்கை. நான்கு வருடத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் அவளுடைய குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் தலையை இழுத்து, குழந்தைக்கென்று நினைத்து வைத்திருந்த பெயரைக் காதில் சொன்னாள். "இது உனக்கும் எனக்கும் மட்டுந்தான்க்கா" என்றாள். புருஷனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

என் மனைவி அதைக் கட்டுரையில் எழுதினாள். தன் தங்கை என்று எழுதினாள், பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காருகிறவள் என்று எழுதினாள். யார் வந்து கணக்கெடுத்தாலும் என் தங்கைக்கு ஒரு மகள் உண்டு என்று சொல்வேன் என முடித்து, கடைசி வரியில் அந்தப் பெயரையும் எழுதினாள்.

நான் அப்போது கூடத்தில் ஒரு கம்ப்ரெசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இதைப் போடலாமா?"

"தாராளமா போடு. நீ எழுதினதுலயே இதான் பெஸ்ட்."

தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

கட்டுரை கைமாறிக் கைமாறி ஆயிரக்கணக்கில் போனது. தன் பெயரைப் போடாத ஒரு பெண்மணி கீழே கமெண்ட் போட்டிருந்தார்: 'நேற்று எனக்கு மகள் பிறந்தாள். கட்டிலில் படுத்தபடி இதைப் படித்தேன். அந்தப் பெயரையே என் மகளுக்கு வைத்துவிட்டேன்.' என் மனைவி அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை தங்கை வந்தாள். ஆஸ்பத்திரிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கூட வேலை பாக்கறவ வந்து, உன் பொண்ணு பேரு அழகா இருக்குங்கறா. வீட்டுக்குப் போனா அவரு கேக்கறாரு, எனக்குக்கூடத் தெரியாம எதுக்குப் பேரு வச்சேன்னு. ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"அவளை யாரும் மறந்துடக் கூடாதுன்னுதான்டி."

"நான் மறந்தேனா? எங்கிட்ட இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் எடுத்து ஊருக்குக் குடுத்துட்டியே."

என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் என் மனைவி வலைப்பூவையே அழித்துவிட்டாள். ஒன்பது வருட எழுத்து, முப்பது வாசகர், என் குறட்டை, எல்லாம் போயிற்று. நானும் தடுக்கவில்லை. தங்கைக்குச் செய்யக்கூடிய நியாயம் அது ஒன்றுதான் என்று இருவருமே நினைத்தோம்.

ஏழு மாதம் பேச்சில்லை. என் மனைவி கடைக்குப் போனாள், வந்தாள், புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் போன் அடித்தது.

"மாமா, அக்காகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, அந்தப் பேரை வச்சாங்களே ஒருத்தங்க. கமெண்ட்ல பாத்தேன். அப்ப எரிச்சலா இருந்துச்சு. இப்ப அந்தக் குழந்தை நெனப்பாவே இருக்கு. எப்படி இருக்கான்னு கேட்டுச் சொல்றியா? ஒரு போட்டோ போதும்."

என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அழிச்சுட்டேன்டி."

"கமெண்டையுமா?"

"எல்லாத்தையும்."

"இந்நேரம் தவழ ஆரம்பிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் விடுப்புப் போட்டு நாங்கள் அலையாத இடமில்லை. அழித்ததை மூன்று மாதத்துக்குள் என்றால் மீட்டிருக்கலாமாம். கட்டுரையை நகலெடுத்துப் பகிர்ந்திருந்தவர்களிடம் கட்டுரை இருந்தது, கமெண்ட் இல்லை.

'கிட்டப்பார்வை' என்றே ஒரு புது வலைப்பூ தொடங்கினாள். இரண்டே வரி எழுதி, இந்த முறை என்னிடம் படித்துக் காட்டவில்லை. தங்கைக்குப் போன் போட்டுப் படித்தாள். "இதைப் போடலாமாடி?" என்று கேட்டாள். தங்கை "போடுக்கா" என்றாள்.

'என் தங்கை மகளின் பெயரைத் தன் மகளுக்கு வைத்த அம்மாவுக்கு: உங்கள் குழந்தை நலமா? இங்கே ஒருத்தி விசாரிக்கிறாள்.'

அந்தப் பெயரை அவள் அதில் எழுதவில்லை. நானும் இங்கே எழுத மாட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. தினமும் மூன்று என்றே காட்டுகிறது. ஒன்று நான், ஒன்று என் மனைவி. மூன்றாவது யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.