நிமிர்ந்து நின்ற முள்

சஞ்சீவனிக்குப் பொய் சொல்லும் மீட்டரைக் கண்டால் ஆகாது. கண்டியில் உள்ள வாகனத் தரகர்களுக்கெல்லாம் இது தெரியும். பழைய கார் ஒன்றை விற்பதற்கு முன் கிலோமீற்றரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கொடுக்கச் சொல்லி, ஆரம்பத்தில் ஒவ்வொருவராக அவளுடைய கடைக்கு வந்து பார்த்தார்கள். சிரித்துப் பேசினார்கள், கோபித்தும் பார்த்தார்கள். "ஓடுன ஓட்டத்த ஓடலன்னு என் கையால சொல்ல வைக்க மாட்டேன், போங்க" என்று அவள் ஸ்குறூ டிரைவரை நீட்டிக்கொண்டு சொன்ன விதத்தில், கடைசியில் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வாய்க்காரி என்று பெயர் வந்தது. வரட்டுமே. வாய் இல்லாமல் கராஜ் தெருவில் ஒரு பெண் கடை போட்டுவிட முடியுமா என்ன?

கடை அம்பிட்டிய ஏற்றத்தில், வெல்டிங் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே ஓர் இடுக்கில் இருந்தது. பிறந்த ஊர் புசல்லாவை. பள்ளிக்கூடம் முடிந்ததும் தையல் படிக்கட்டும் என்று அப்பா வீரய்யா அவளைக் கண்டிக்கு அனுப்பிவைத்தார். போன இடத்தில் தையல் வகுப்பு நிரம்பி வழிந்தது. மோட்டார் மின்சார வகுப்பில் ஆளே இல்லை. தையலில் இடம் கிடைக்கும்வரை இதில் உட்கார்ந்திருப்போம் என்று போனவள் பிறகு எழுந்திருக்கவில்லை. வயர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மீட்டர் கடையில் கூலிக்கு வேலை செய்து, மாநகர சபையில் வேலை பார்க்கும் சுதேஷைக் கட்டி, பிறகு தன் பெயரிலேயே கடை போட்டாள். பஸ்காரர்கள் அவளைச் சிங்களத்தில் 'மீட்டர் நங்கி', மீட்டர் தங்கச்சி, என்றார்கள். வயதில் சிறியவர்களுக்கு மீட்டர் அக்கா.

அவளிடம்தான் ஸ்ரீஸ்கந்தராசா தன் பழைய டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவி றீற்றாவுடன் அம்பிட்டியவிலேயே குடியிருந்தார். பிக்கப்பின் டாஷ்போர்ட் மீட்டர்கள் பாதி செத்துவிட்டன. மீதிப் பாதி என்ன சொல்கிறது என்று அவருக்கே தெரியாது.

"பிள்ளை, எனக்கு இப்ப கிட்டத்தில இலக்கங்கள் தெரியிறேல்லை. ரோட்டில போற எறும்பு தெரியும். மீட்டர்தான் மங்கல்."

"கண்ணாடி போட்டா தெரியுமே ஐயா."

"கண்ணாடியைப் போட்டா ரோட்டு மங்கும். உமக்கு ரெண்டில எது வேணும்?"

சஞ்சீவனிக்குச் சிரிப்பு வந்தது. அவர் பொனட் தூசியில் விரலால் நான்கு வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் நட்ட நடுவில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தார். வண்டி சரியாக ஓடும்போது நான்கு முள்ளும் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்று சரிந்தாலும் கடைக்கண்ணில் பட்டுவிடும். எழுத்து, இலக்கம் எதையும் வாசிக்கத் தேவையில்லை. மனுஷன் லேசுப்பட்ட ஆளில்லை என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. இப்படி ஒரு யோசனை தனக்கு வரவில்லையே என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

தண்ணீர்ச் சூடு, எண்ணெய் அமுக்கம், பற்றறி சார்ஜ் என்று மூன்று வட்டத்துக்கும் அவளே பெயர் சொன்னாள். நான்காவதற்கு அவர், "பிரேக் காத்து" என்றார். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பிரேக் மிதிக்கு முன்னால் தகர டப்பா மாதிரி ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல் இருப்பதால்தான் காலால் லேசாக மிதித்தாலே வண்டி நிற்கிறது. உறிஞ்சல் தீர்ந்தால் மிதி கல்லாகிவிடும். அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் அவருக்கு வேண்டுமாம்.

"இது எதுக்கு ஐயா?"

"இறக்கத்துக்குத்தான். ஏத்தத்தில எப்பிடியும் போகலாம் பிள்ளை. இறக்கத்தில நான் விட்டுத்தான் வாறனான். அப்ப பிரேக் இருக்கோ இல்லையோ எண்டு தெரியவேணுமெல்லோ?"

"நீங்கதான் விடுவீங்களா?"

"வேறை ஆர்? நான்தான் விடுறது."

இறக்கத்தில் ஸ்டியரிங்கை மனைவி கையில் கொடுக்கமாட்டார்போல என்று சஞ்சீவனி எடுத்துக்கொண்டாள். ஆம்பிளைகளுக்கு இந்த வீம்பு எந்த வயதிலும் போகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

அந்த வேலையை அவள் ரசித்துச் செய்தாள். முதலில் மட்டையில் வெட்டி, ஸ்டியரிங் வளையம் எதையும் மறைக்காதபடி அவரை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துத் திருத்தினாள். பிறகு அலுமினியத் தகட்டில் வட்டம் வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காமல் அரம் போட்டு, வண்டியின் முன்கண்ணாடியில் பளபளப்பு அடிக்காத கறுப்புப் பெயின்ற் பூசினாள். பழைய மாதிரி மீட்டர்களில் முள் நம் ரோட்டுக் குலுக்கலுக்குப் பேயாடும். அதனால் உள்ளே சின்ன மோட்டர் வைத்த மீட்டர்களாகத் தேடி வாங்கினாள். அந்த மோட்டர் முள்ளைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொள்ளும், ஆடவிடாது. எஞ்சினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஒவ்வொரு முள்ளும் எங்கே வந்து நிற்கிறதோ அதற்கேற்ப மீட்டரையே திருப்பித் திருப்பி, நான்கையும் நிமிர்த்தி இறுக்கினாள். சாவியைத் திருப்பினால் உயிர் வருகிற லைனிலிருந்து மின்சாரம் கொடுத்தாள். வேறெங்கே கொடுப்பார்கள்?

சாவியை நிறுத்திய பிறகும் முட்கள் விழாமல் அப்படியே நின்றதை அவள் பார்க்காமல் இல்லை. மோட்டருக்கு மின்சாரம் நின்றால் முள் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். மறுபடி சாவி போட்டதும் கீழே போய், ஒழுங்காக எழும்பி வந்தது. எஞ்சின் ஓடாத வண்டியில் மீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அந்த நினைப்பை நினைத்து நினைத்து அவள் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஏற்றத்தில் சூடு எப்படி ஏறுகிறது என்று பார்க்கவேண்டும் என்று, இருவரும் றம்பொடைப் பக்கம் ஓடிப் பார்க்கப் போனார்கள். ஸ்ரீஸ்கந்தராசா ஓட்டினார். சஞ்சீவனி பக்கத்துச் சீற்றில் ஸ்குறூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு முட்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பளை தாண்டி மலை ஏறும்போது சூட்டு முள் லேசாகச் சரிந்தது. அவர் உடனே கண்டுபிடித்துக் கியரைக் குறைத்தார். முள் நிமிர்ந்தது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல்.

திரும்பி வரும்போது பனி மூடிக்கொண்டது. லைற்றைப் போட்டார், தகட்டில் நான்கு வட்டமும் பச்சையாக ஒளிர்ந்தன. புசல்லாவைக் கடைகளைக் கடந்து இறக்கம் தொடங்கியதும் வண்டி மெத்தென்று வழுக்கிக்கொண்டு போனது. நாம் செய்த வேலை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சஞ்சீவனி பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு முன் அவர் பிரேக்கை மிதித்தார். பிரேக் மிதித்தால் காற்று முள் கொஞ்சம் தணிந்து திரும்ப எழும்பவேண்டும். தணியவில்லை. அடுத்த வளைவில் மறுபடி மிதித்தார். முள் அசையவே இல்லை.

என்ன இது என்று காதைக் கொடுத்தாள். டயர் ரோட்டில் உரசும் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

"ஐயா, எஞ்சின்?"

"நிப்பாட்டிப்போட்டன். நான் அப்பவே சொன்னனான்தானே, இறக்கத்தில விட்டுத்தான் வாறது எண்டு. டீசலுக்கு வரிசையில நிண்ட காலத்தில, மிச்சம் பிடிக்கப் பழகினது."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விடுவது என்றால் அவள் ஊரில் வண்டி ஓட்டுவது. இவர் சொன்ன விடுவது, எஞ்சினை நிறுத்தி நியூற்றலில் வண்டியைத் தன்பாட்டில் உருளவிடுவது. சாவியை ஒரு படி பின்னுக்குத் திருப்பிவைத்திருக்கிறார். மீட்டருக்கு மின்சாரம் இல்லை. லைற் மட்டும் வேறு லைனில் எரிகிறது. பிரேக்கில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த நான்காவது வட்டத்தைக் கேட்டிருக்கிறார். அதுவோ எஞ்சின் நின்ற கணத்திலேயே செத்துப்போய், செத்த பிறகும் நிமிர்ந்து நிற்கிறது.

"சாவியப் போடுங்க! எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்கய்யா!"

"ஏன் பயப்பிடுறீர்? காத்து முள்ளைப் பாரும், நேரா நிக்குது."

"அது பொய்ங்கய்யா! அந்த முள்ளு பொய் சொல்லுது!"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, குழப்பம் இருந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குள் பனிக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸின் பின்பக்கம் எழும்பியது. வளைவிலேயே நிறுத்தி, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடையும் குடையுமாகப் பெண்கள் ரோட்டோரம் நின்றார்கள்.

அவர் மிதித்தார். மிதி இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி வேகம் குறையவில்லை. அவர் கண் அந்த முள்ளிலேயே நின்றது. அது நேராகத்தான் நின்றது. சஞ்சீவனி பாய்ந்து அவர் முழங்கைக்குக் கீழால் கையை விட்டுச் சாவியை முன்னுக்குத் திருப்பினாள். நான்கு முள்ளும் தடாலென்று கீழே விழுந்தன.

"கிளச்ச மிதிங்க! மூணாவது கியர்! போட்டுட்டு கிளச்ச விடுங்க!"

அந்த நேரத்தில் அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் புண்ணியத்துக்கு இன்றைக்கும் அவள் முருகனுக்குத்தான் நன்றி சொல்கிறாள். கியர் கரகரத்து விழுந்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. எஞ்சின் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. அவள் கைபிறேக்கை இழுத்தாள், அவர் மிதித்தார், இந்த முறை மிதி இறங்கியது. பிக்கப் பக்கவாட்டில் சறுக்கி, பஸ்ஸின் பின் படியை எட்டித் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில் நின்றது. கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பஸ் கிளம்பியது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

சஞ்சீவனி இறங்கிப் போய் மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்த முகமாக இருக்கும். அவள் அம்மாவின் வயதுக்காரர்கள். தரகர்களை விரட்டிய கை, ஆளைக் கொல்லக்கூடிய பொய்யை அழகாகப் பெயின்ற் அடித்துப் பூட்டியிருக்கிறது. அழுகை வந்தது, அழுதாள்.

ஸ்ரீஸ்கந்தராசா சற்றுத் தள்ளி நின்றார்.

"ஒரு வயரைத்தானே மாத்தவேணும், பிள்ளை? பற்றறியில இருந்து நேரா எடுத்தால் எஞ்சினை நிப்பாட்டினாலும் முள் உண்மை சொல்லும். என்ன?"

உண்மைதான். ஒரே ஒரு வயர். மாற்றிக்கொடுத்தால் மீட்டர் ஒழுங்காகிவிடும். அவரும் இன்னும் தைரியமாக எஞ்சினை நிறுத்திக்கொண்டு இந்த மலையை இறங்குவார்.

"இன்னொண்டு," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். "இதை றீற்றாவுக்குச் சொல்லவேண்டாம். அவ பாவம், பயந்து போவா."

எஞ்சினை நிறுத்தாமலே வீடு வந்து சேர்ந்தார்கள். றீற்றா கேற்றைத் திறந்துகொண்டு வந்து, டாஷ்போர்ட்டை எட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. எப்பிடிப் பிள்ளை, முள்ளெல்லாம் நேரா நிண்டதோ?"

"எல்லாம் நல்லம்," என்று அவர் முந்திக்கொண்டார். "ஒரு சின்ன வயர் வேலை மட்டும் கிடக்கு." சொல்லிவிட்டுச் சஞ்சீவனியைப் பார்த்தார். கெஞ்சுவதுபோல்தான் இருந்தது. வயதில் பெரியவர், நல்ல மனுஷன். அவரை மனைவி முன்னால் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லைதான். ஆனால் அந்தச் சீற்றில் அடுத்த முறை உட்காரப்போவது இந்த அம்மா.

"நின்னுச்சும்மா," என்றாள். "நின்னதுதான் தப்பு. ஐயா இறக்கத்துல எஞ்சின நிப்பாட்டிட்டு வர்றாரு. இன்னைக்கு பிரேக் போயிருச்சு, முள்ளு மட்டும் நேரா நின்னுச்சு. முள்ளு நின்னது என் தப்பு. எஞ்சின நிப்பாட்டுனது அவரு தப்பு. நான் இத கழட்டிக்கிட்டுப் போறேன்."

றீற்றா திடுக்கிடவில்லை. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் நிப்பாட்டுறது எனக்குத் தெரியும், பிள்ளை. எஞ்சின் சத்தம் நிண்டால் எனக்குக் கேக்காதோ? ஒருக்காச் சொன்னன், சிரிச்சார். பிறகு நான் சொல்லேல்லை. புசல்லாவை தாண்டினவுடனை கண்ணை மூடிக்கொண்டு கம்பளை வருமட்டும் மனசுக்குள்ளை செபமாலை சொல்லிக்கொண்டு வருவன். பிரேக்குக்கு ஒரு மீட்டர் வையுங்கோ எண்டு கேட்டதே நான்தான். முள் நேரா நிக்குதெண்டால், கண்ணைத் திறந்துகொண்டு வரலாமெல்லோ எண்டு நினைச்சன்."

சஞ்சீவனி ஸ்குறூவில் வைத்த கையை எடுத்துவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் நித்திரை எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார் கடைசியில். "எஞ்சின் சத்தமில்லாமல் வந்தால் நல்லா நித்திரை கொள்ளுறீர் எண்டு..."