இரண்டு டிரெய்லர்களின் காலி எடை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், நாங்கள் குடியிருந்த பழைய இரும்பு யார்டில் டிரெய்லர்கள் இரண்டு. ஒன்றின் காலி எடை இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிலோ. மற்றதன் காலி எடை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தது யார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் என்ன என்பதெல்லாம் மங்கிவிட்டது. இந்த இரண்டு எண்களில் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

யார்டு எங்களுடையது அல்ல. அப்பா அங்கே மேற்பார்வை பார்த்தார். பின்சுவரை ஒட்டிய இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பா ஒரு டிராக்டரை ஓட்டினார். இன்னொன்றை ஆரம்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஓட்டினார். தெலுங்கு பேசுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் நைனா. தீபாவளி கழித்து முதலாளி ஒரு லாரி வாங்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அதை ஓட்டப்போவது தாம்தான் என்று நம்பி, சித்தப்பா கனரக லைசென்ஸ்கூட எடுத்து வைத்திருந்தார். அதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். போட்டோவில் அவர் கண் மூடியிருந்ததை அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பாள்.

யார்டில் எடைமேடை கிடையாது. லோடு ஏற்றியதும் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இருந்த எடைமேடைக்குப் போக வேண்டும். பழைய மேடை, நீளம் குறைவு. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து அதில் நிற்காது. பாதி வண்டி மேடையிலும் பாதி மண்ணிலும் நின்றால் வருகிற எடைக்கு அர்த்தமே இல்லை. ஆகவே டிரெய்லரை மேடைமேல் இழுத்து நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, டிராக்டரை முன்னால் நகர்த்திவிடுவார்கள். நான்கு சக்கரத்தில் தனியாக நிற்கும் டிரெய்லரை மட்டும் எடை போட்டு, அதிலிருந்து அதன் காலி எடையைக் கழித்தால் இரும்பின் எடை வந்துவிடும். ஒவ்வொரு நடைக்கும் காலி எடை போட யாருக்கும் பொழுது இல்லை. அது டிரெய்லரின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதியிருக்கும். எடைமேடையில் வேலை பார்த்த அக்கா ஜன்னல் வழியாக அதைப் படித்து, கழித்து, சீட்டு எழுதிக் கொடுப்பார். ஓட்டுகிறவர்கள் அந்த எண்ணை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

சரக்கு போய்ச் சேரும் உருக்காலையில் மேடை பெரியது. அங்கே வண்டி முழுசாக ஏறும். லோடோடு ஒரு தடவை, இறக்கியபின் ஒரு தடவை என்று அவர்கள் தாங்களே எடை போட்டுக்கொள்வார்கள். நம் சீட்டுக்கும் அவர்கள் சீட்டுக்கும் பத்து இருபது கிலோ முன்பின் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதலாளி எங்கிருந்தோ ஒரு டிரம் பச்சை பெயின்ட் கொண்டுவந்தார். அதுவரை ஒரு டிரெய்லர் நீலம், மற்றது காவி. இரண்டையும் பச்சையாக்கிவிட உத்தரவு. எழுத்து எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்டை அந்தச் சமயத்தில் பிடிக்க முடியாது. ஊரிலுள்ள அத்தனை வண்டிகளும் அவரைத் தேடிக்கொண்டிருக்கும். சித்தப்பாதான் என்னைச் சிபாரிசு செய்தார். "எங்க பாப்பா எழுதும் மொதலாளி. அச்சுல போட்ட மாரி எழுதும்" என்றார். பள்ளியில் கையெழுத்துக்கு நான் ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருந்தேன். அது போதுமான தகுதி என்று முதலாளிக்கும் பட்டது.

நான் அப்போதே ஒழுங்குக்காரி. பழைய எண்கள் பெயின்டுக்குள் மறையும் முன்பே ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டேன்: உள்ளே நிற்பது 2190. வாசல் பக்கம் நிற்பது 1920. ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது பச்சை காய்ந்திருந்தது, தரை கழுவப்பட்டிருந்தது, டிரெய்லர்கள் ஒன்று உள்ளேயும் ஒன்று வாசல் பக்கமும் நின்றன. சித்தப்பா வாழைக்கன்று வாங்கப் போயிருந்தார். நான் ஒரு கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து, உள்ளே நின்றதில் 2190 என்றும் வாசல் பக்கம் நின்றதில் 1920 என்றும் வெள்ளையில் எழுதினேன். எண்களுக்கு மேலே ‘காலி எடை’. பூஜைக்கு வந்தவர்கள் பொரி கடலையை மென்றுகொண்டே என் எழுத்தைப் பாராட்டினார்கள்.

பூஜை முடிந்த முதல் நடையிலேயே சித்தப்பா கொண்டுபோன லோடில் இருநூற்று எழுபது கிலோ குறைந்தது. இரண்டாம் நடையிலும் குறைந்தது. மூன்றாம் நடையில் முதலாளி இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, "இரும்பு இன்னா ஐஸாடா, போற வழியில உருகறதுக்கு?" என்று கேட்டார். சித்தப்பா தான் எங்கேயும் நிறுத்தவில்லை என்றார். டீ குடிக்கக்கூடவா என்று முதலாளி கேட்க, டீ குடிக்க நிறுத்தியதாக அவர் ஒப்புக்கொண்டார். அது அவருக்கு விரோதமாகப் போயிற்று.

அதே நாட்களில் நைனா கொண்டுபோன லோடுகளில் எடை கூடிக்கொண்டிருந்தது. கூடியதற்கு யாரும் விசாரணை வைக்கவில்லை. நைனாவுக்குக் கைராசி என்றார்கள். ஏழாம் நாள் சித்தப்பாவிடமிருந்து டிராக்டர் சாவியை வாங்கிவிட்டார்கள். அவர் மற்ற ஆட்களோடு சேர்ந்து தகரம் பிரித்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "எட்த்திருந்தா இப்பவே சொல்லிட்ரா. நான் பேசிக்கிறேன்" என்றார். சித்தப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனார். அம்மா அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

இதற்கிடையே முதலாளி எடைமேடைக்கும் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார், உன் மேடையே கோளாறு என்று. தன் மேடையைச் சொன்னதில் அந்த அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சீட்டுகளையெல்லாம் வாங்கி வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறார். ஒன்பதாம் நாள் மாலை, இரண்டு டிரெய்லர்களையும் காலியாகக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த ஒரு நடைக்காக சித்தப்பாவிடம் சாவி கொடுக்கப்பட்டது. பள்ளி வாசலில் என்னைப் பார்த்தவர் நிறுத்தி, மட்கார்டின்மேல் ஏற்றிக்கொண்டார். அதனால்தான் நான் அங்கே இருந்தேன்.

எடைமேடை வாசலில் முதலாளி, அப்பா, நைனா எல்லோரும் நின்றிருந்தார்கள். அக்கா ஜன்னலிலிருந்தே பேசினார். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "திருடறவன் தெனமும் அதே இருநூத்தி எழுபது கிலோவை அளந்து அளந்தா எறக்குவான்? ஒரு நாள் நூறு, ஒரு நாள் ஐநூறுன்னு போவாது? இவரு வண்டில எவ்ளோ கொறையுதோ, நைனா வண்டில அவ்ளோ ஏறிக்கினு கீது. ரெண்டு டிரெய்லரையும் காலியா நிறுத்துங்க, பாப்போம்."

சித்தப்பாவின் டிரெய்லரை மேடையில் ஏற்றிக் கொக்கியைக் கழற்றினார்கள். டிராக்டர் முன்னால் நகர்ந்தது. அக்கா தராசுக் கம்பிமேல் எடைக்குண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, "ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு" என்றார். பச்சைத் தகரத்தின்மேல் என் கையெழுத்தில் 1920 என்று பளிச்சென்று இருந்தது.

"நீங்க சொன்னது நைனா வண்டில எழுதின நம்பர்" என்று நான்தான் சொன்னேன். எண்கள் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தம்பியைச் சந்தேகப்பட்ட அவமானம் முழுக்க அந்த ஒரு கணத்தில் என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இதை எழுதினது யார் என்று முதலாளி கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா டிராக்டரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "நான்தான் மொதலாளி. ரெண்டும் பச்சையா கீது, எது எதுன்னு பாப்பா வந்து கேட்டுச்சு. நான் மாத்திக் காட்டிட்டேன். அது நான் சொன்னதத்தான் எழுதிச்சு" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நான் யாரையும் கேட்கவில்லை. அவர் அப்போது யார்டிலேயே இல்லை. நோட்டைப் பார்த்து நானே எழுதினேன் என்று உரக்கச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்து, அடிக்கோடிட்ட பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். முதலாளி அதை வாங்கிப் படித்தார். உள்ளே நிற்பது 2190. பெயின்டுக்கு முன் சித்தப்பாவின் வண்டி உள்ளேதான் நிற்கும். நோட்டு சரி. "புள்ள ஒழுங்காத்தான் எழுதி வச்சிருக்கு. நீதான் கெடுத்திருக்கே" என்று சித்தப்பாவிடம் சொன்னார். அவர் காட்டவே இல்லை என்று நான் மறுபடியும் சொன்னபோது முதலாளி சிரித்துவிட்டார். "பாரேன், சித்தப்பனை உட்டுக் குடுக்கமாட்டேங்குது" என்று என் தலையைத் தட்டினார். அங்கே உண்மை பேசினது நான் ஒருத்திதான். அதைப் பாசத்தில் சொல்லும் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா திருடவில்லை என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது. அப்பா அவர் தோளில் கை வைத்தார். ஆனால் தீபாவளி கழித்து வந்த லாரியின் சாவி நைனாவுக்குப் போயிற்று. தன் வண்டி எது என்று தெரியாதவன் கையில் லாரியா என்று முதலாளி கேட்டதாக அம்மா சொன்னாள். சித்தப்பா இன்னும் நான்கு வருடம் டிராக்டரே ஓட்டினார்.

நடந்தது என்ன என்பது எனக்கு அடுத்த ஆயுத பூஜையில் தெரிந்தது. தரை கழுவுவதற்காக டிரெய்லர்களை வெளியே இழுத்தார்கள். வாசல் பக்கம் நின்றது முதலில் வெளியே போயிற்று. கழுவி முடித்ததும் அதுவே முதலில் உள்ளே வந்து, சுவர் ஓரம் நின்றது. நான் கையில் துடைப்பத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போன வருடமும் இப்படித்தான் இடம் மாறியிருக்கிறது. என் நோட்டு சரி. என் கண்தான் நோட்டைவிட்டு வண்டியைப் பார்க்கவில்லை.

இப்போது நான் காக்களூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வரும் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சித்தப்பா மகன் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன், நன்றி சொல்லிவிட வேண்டும் என்று. "நான்தானே பாப்பா மாத்திக் காட்டினேன், அதுக்கு இன்னா இப்போ" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். சொல்ல நினைத்ததை நான் சொல்லவில்லை. ஆகையால் இங்கே எழுதிவைக்கிறேன். அவரைத் திருடன் என்று ஒன்பது நாள் நிற்கவைத்தது என் கை. அதைத் தெரிந்துகொண்டு தூங்கவேண்டிய ஒரு இரவுகூட எனக்கு அந்த வருடம் வராமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அன்று திரும்பி வரும்போது நான் மட்கார்டின்மேல் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். வழியில் வாங்கிக் கொடுத்த கமர்கட்டை வேண்டாம் என்றேன். காலி டிரெய்லர் பின்னால் தடதடத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். ஒன்பது நாளில் அவர் சீட்டியடித்தது அதுதான் முதல் தடவை. பொய் சொல்லித் தப்பித்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.